பாண்டவர் குழிக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: “கொங்குப் பக்கம், எங்கள் மேய்ச்சல் காட்டில் பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாகக் கிடக்கின்றன. நடுவில் சிறு கற்கள் குவிந்து மேடாக இருக்கிறது. இதுபோல ஏழெட்டு உண்டு. ஊரில் பாண்டவர் குழி என்கிறார்கள். இது நிஜமாகவே பழங்காலக் கல்லறையா? உள்ளே என்ன இருக்கும்? ஒன்றை மட்டும் தோண்டிப் பார்த்தால் என்ன?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தோண்டாதீர்கள். ஒன்றே ஒன்றைக்கூட. சட்டம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது கற்குவைதான் என்று தோன்றுகிறது. சுற்றி வட்டம் இருப்பதால் தொல்லியலில் கற்குவையுடன் கூடிய கல்வட்டம் என்பார்கள். தமிழ்நாட்டின் இரும்புக்கால ஈமச்சின்னங்களில் பரவலாகக் கிடைக்கும் வகை இது. பாண்டவர் குழி, பாண்டு குழி என்ற பெயரும் பழையது. மலபாரில் இப்படிப்பட்ட கல்லறைகளைத் திறந்து பார்த்த பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1823இல் வெளியான தன் கட்டுரையில் ‘பாண்டு குழி’ என்ற மக்கள் பெயரையே பயன்படுத்தினார். தென்னிந்தியப் பெருங்கற்கால ஆய்வு தொடங்கியதே ஏறக்குறைய அங்கிருந்துதான். வேறு ஊர்களில் குள்ளர் வீடு என்பார்கள். வானத்திலிருந்து நெருப்பு மழை பெய்யப்போகிறது என்று பயந்து குள்ள மனிதர்கள் கல்லில் வீடு கட்டிக்கொண்டார்கள் என்று பாட்டிமார் கதை சொல்வார்கள். அந்தக் கதையை நான் அலட்சியம் செய்வதில்லை. பலகைக் கற்களால் ஆன சின்ன அறை, அதில் ஆள் நுழைய முடியாத வட்ட ஓட்டை. இதைப் பார்த்தவர்களுக்குக் குள்ளர் வீடு என்று தோன்றியதில் ஒரு கூர்மையான கவனிப்பு இருக்கிறது.

ஆனால் எல்லாக் கற்குவியலும் கல்லறை ஆகாது. உழவுக்குக் காட்டைத் திருத்தும்போது பொறுக்கிய கற்களை வரப்போரம் கொட்டி வைப்பது வழக்கம், அதுவும் மேடாகத்தான் இருக்கும். வித்தியாசம் எங்கே என்றால், கொட்டி வைத்த குவியலுக்கு எல்லைக்கோடு இருக்காது, கற்களும் கலந்து கிடக்கும். கற்குவையில் இரண்டு அளவு கற்கள் இரண்டு வேலை செய்யும். பெரிய உருண்டைக் கற்கள் வெளிவட்டம். கைக்கு அடங்கும் கற்கள் உள்ளே நிரப்பு. வட்டத்தின் மையத்தில் பலகைக் கல்லின் விளிம்பு கத்திமுனைபோல மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம், இவை தனியாக இருப்பது குறைவு. கூட்டமாக, பெரும்பாலும் உழவுக்கு உதவாத சரளை மேட்டில் இருக்கும். நல்ல விளைநிலத்தை வாழ்கிறவர்களுக்கு விட்டுவிட்டு, செத்தவர்களுக்குக் கரட்டு நிலத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் ஏழெட்டு இதோடு பொருந்துகிறது. கூர்ந்து தேடினால் இன்னும் சில, மண் மூடிப்போய், வட்டத்தில் நாலைந்து கற்கள் மட்டும் மிஞ்சிய நிலையில் தென்படலாம்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? ஊருக்கு ஊர் மாறும். தொண்டை மண்டலத்தில், செங்கல்பட்டு வட்டாரத்துச் சாணூர் போன்ற இடங்களில், வட்டத்துக்குள் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை கிடைக்கும். தாமிரபரணிக் கரையில் பெரிய தாழி. கொங்கு நாட்டில் பெரும்பாலும் கற்பதுக்கை, அதாவது மண்ணுக்குள் பலகைக் கற்களால் கட்டிய அறை. தரைக்கு மேலே கட்டினால் அதைக் கற்திட்டை என்கிறோம்.

இந்தக் கற்பதுக்கையின் கட்டுமானத்தை ஒருமுறையாவது நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் குழி. அதற்குள் நான்கு பலகைகளைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். நான்கு மூலையும் மூலையோடு பொருந்தி நிற்கிற பெட்டி மாதிரி இல்லை. ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகையைத் தாண்டி ஒரு பக்கம் நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திகம் மாதிரி, காற்றாடி மாதிரி தெரியும். ஏன் இப்படி? வெளியிலிருந்து மண் எப்போதும் பலகையை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த அமைப்பில் ஒரு பலகையை உள்ளே தள்ளினால் அது அடுத்த பலகையின் விளிம்பில் போய் முட்டி நிற்கும். அதை அதற்கடுத்தது தாங்கும். நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவை சாயாமல் நிற்க இதுதான் காரணம். இதன் மேல் ஒரு மூடுகல். ஐந்தாறு பேர் சேர்ந்தால்கூட அசைக்க முடியாத மூடுகற்களும் உண்டு. அதற்கு மேல் மண்ணும் கல்லுமாக நிரப்பு, அதன்மேல் கற்குவை, அதைச் சுற்றி உருண்டைக் கற்களின் வட்டம். குவியல் சரிந்துவிடாமல் அந்த வட்டம் அணைபோலத் தடுக்கிறது.

ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், வட்டமான துளை இருக்கும். இடுதுளை என்பார்கள். விளிம்பைத் தடவிப் பார்த்தால் கொத்திக் கொத்தி எடுத்த அடையாளங்கள் விரலில் தட்டுப்படும். அந்தக் கல்லில் ஒரு துளை போட எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். ஆவி போய்வர வழி என்று ஒரு விளக்கம். பின்னால் இறந்தவர்களின் எலும்புகளையும் படையலையும் உள்ளே வைக்க வாசல் என்று இன்னொன்று. ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் இரண்டாவதற்குத்தான் சான்று காட்ட முடியும், ஏனென்றால் ஒரே அறைக்குள் ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் பல இடங்களில் கிடைத்துள்ளன.

எலும்பு பற்றி ஒரு தவறான எண்ணத்தைத் தீர்க்க வேண்டும். கல்லறை என்றதும் நீட்டிப் படுத்த முழு உடல் நம் மனத்தில் வரும். இங்கே பெரும்பாலும் அப்படியில்லை. உடலை முதலில் வேறெங்கோ வெட்டவெளியில் இட்டோ புதைத்தோ வைத்து, சதை போனபின் மண்டையோடு, கை கால் எலும்புகள் என்று சிலவற்றை மட்டும் எடுத்து வந்து இந்த அறைக்குள் வைத்திருக்கிறார்கள். இரண்டாம்நிலைப் புதைப்பு என்பது இதன் பெயர். அப்படியானால், ஒருவர் இறந்த நாளுக்கும் கல்லறை மூடிய நாளுக்கும் நடுவே மாதங்களோ ஆண்டுகளோ ஓடியிருக்கும். இறந்தவர் ஊரை விட்டுப் போவதற்கு இரண்டு சடங்குகள். இதை நமக்குச் சொல்வது எலும்பு மட்டும் இல்லை, எலும்பு கிடக்கும் விதம். எந்த எலும்பு இருக்கிறது, எது இல்லை, எது எதன் மேல் கிடக்கிறது என்பதிலிருந்துதான் இந்த முடிவுக்கு வருகிறோம். யாராவது கடப்பாரையால் கிளறி எலும்பை மட்டும் வெளியே எடுத்துப் போட்டால் அதில் இந்தச் செய்தி ஒன்றுகூட மிஞ்சாது. நம் மண்ணில் எலும்பு மட்கித் தூளாகிவிடுவதும் உண்டு. அப்போது மண்ணில் படிந்த நிறமாற்றத்தைத் தூரிகையால் துடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எலும்போடு பானைகள் இருக்கும். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, வாயோரம் கருப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டிருப்பார்கள் என்பது பொதுவான விளக்கம். காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கருத்துப்போகும், காற்றுப் படும் புறம் சிவக்கும். மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். ஈரத்துணியால் துடைத்தால் இன்றைக்கும் பளபளக்கும். பானைத் தோளில் கீறிய குறியீடுகள் இருக்கலாம். கூடவே இரும்பு வாள், கோடரி, அம்புமுனை. சில இடங்களில் குதிரைக் கடிவாளத்தின் இரும்பு.

தங்கப் புதையலா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கற்குவைகளில் தங்கம் மிக அரிது. கிடைத்தாலும் பொட்டளவு. தங்கம் இருக்கும் என்று நம்பியே எத்தனையோ மூடுகற்களை உடைத்திருக்கிறார்கள். உடைத்தவர்கள் கையில் மிஞ்சியது ஓடும் துருவும்தான்.

இந்த இடத்தில் கொடுமணலைச் சொல்லாமல் இருக்க முடியாது, அதுவும் உங்கள் கொங்கு நாட்டில்தான் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் வடகரை. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது, பேராசிரியர் கா. ராஜன் இதில் முக்கியமானவர். ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த வெண்கலப் புலி ஒன்றும் ஈமக்காட்டிலிருந்து வந்தது.

மணிகளின் எண்ணிக்கையைக் கேட்டு வியப்பது சரிதான், ஆனால் கொடுமணலின் பெருமை வேறு. ஈமக்காடும் மக்கள் வாழ்ந்த மேடும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான ஈமக்காடுகள் தெரியும், அவற்றைக் கட்டியவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பது பல இடங்களில் கைக்கு அகப்படவே இல்லை. கொடுமணலில் வாழ்விட மேட்டில் இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகளின் கழிவு, ஐந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்துப் பொறித்த ஓடுகள் எல்லாம் வந்தன. கல்லறையில் கிடைத்த மணியைச் செய்த ஊர் எது, யாரிடம் அதிகம் இருந்தது என்றெல்லாம் கேட்க முடிகிறது. ஒரே ஈமக்காட்டில் ஒன்று பெரிய அறை, மணிகள் ஏராளம். இன்னொன்று சின்ன வட்டம், நாலு பானை. சமூகத்தில் ஏற்றத்தாழ்வு எப்போது தலைதூக்கியது என்பதற்கு எழுத்து வராத காலத்தில் இதைவிட நேரடிச் சான்று கிடைப்பது கடினம். அதற்காகப் பெரிய கல்லறையெல்லாம் அரசன் கல்லறை என்று சொல்லிவிடக் கூடாது. இத்தனை கல்லறைகள் இருக்க, அத்தனை பேரும் அரசர்களாக இருக்க முடியாது. ஒரு குடும்பம், ஒரு குலம், ஊரையே கூட்டி மூடுகல்லைத் தூக்க வைக்கும் செல்வாக்கு. அந்த அளவுக்குத்தான் சொல்லலாம்.

இப்போது காலத்துக்கு வருவோம். மாடு மேய்கிற காட்டில் கிடக்கும் ஒரு குவியல் எப்படித் தமிழ் எழுத்தின் வயதையே விவாதத்துக்குக் கொண்டுவரும் என்பதற்கு எடுத்துக்காட்டு பொருந்தல். பழனிக்குப் பக்கத்தில் உள்ள ஊர். 2009 தொடங்கி அங்கே நடந்த அகழாய்வில், கல்வட்டத்துக்குள் இருந்த ஒரு பதுக்கையில் நான்கு கால் வைத்த சாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் சுமார் 2 கிலோ நெல். அதே கல்லறையில் பானையைத் தாங்கும் பிரிமணை ஒன்று. அதில் தமிழ்-பிராமியில் ‘வய்ர’ என்று பொறித்திருந்தது. நெல்லை ஏ.எம்.எஸ். என்ற கார்பன் 14 காலக்கணிப்பு முறையில் சோதித்தபோது கி.மு. 490 என்று காலம் வந்தது. ஒரே ஒரு மாதிரியை வைத்து எழுத்தின் காலத்தை முடிவு கட்டக் கூடாது என்று சில அறிஞர்கள் எச்சரித்தார்கள். பின்னர் இன்னொரு கல்லறையின் நெல் கி.மு. 450 என்று தந்தது. தமிழ்-பிராமி அசோகருக்குப் பின் வந்தது என்று சொல்லிவந்தவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை உண்டானது. விவாதம் இன்னும் முடியவில்லை.

ஏன் நெல்லுக்கு இவ்வளவு மதிப்பு? உயிரோடு இருக்கும்வரை செடி காற்றிலிருந்து கார்பன் 14 எடுத்துக்கொள்ளும். அறுத்தபின் எடுக்காது, உள்ளே இருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால் அறுத்த காலம் தெரியும். மரக்கரியையும் இப்படி அளக்கலாம். ஆனால் முந்நூறு வயது மரத்தின் உள்வைரத்தை எரித்திருந்தால், ஈமச்சடங்கு நடந்ததற்கு முந்நூறு ஆண்டு முந்தைய காலம் காட்டும். நெல் ஒரு பருவப் பயிர். அறுத்த ஆண்டும் சாடியில் இட்ட ஆண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் சாடி மூடுகல்லுக்குக் கீழே, கலையாமல், பிரிமணையோடு ஒரே அறையில் இருந்ததால்தான் நெல்லின் காலத்தை எழுத்துக்கும் பொருத்திப் பேச முடிந்தது. யாராவது இருபது வருடம் முன்பு அந்தக் கல்லைப் புரட்டியிருந்தால்? நெல் ஒரு பக்கம், பிரிமணை ஒரு பக்கம் போயிருக்கும். பொருள் இரண்டும் நம் கையில் இருந்தாலும் பேச்சு அங்கேயே நின்றிருக்கும்.

தோண்டாதீர்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். கற்குவைக்குள் இருக்கும் விலைமதிப்பற்ற பொருள், அங்கே எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் எந்தப் பொருள் இருக்கிறது என்பதுதான். அதை வெளியே எடுத்து வைக்க முடியாது. படிப்படியாக இறங்கி, வரைந்து, அளந்து பதிவு செய்யத்தான் முடியும். தோண்டுகிற வேலையே அதை அழிக்கிற வேலை என்பதால் ஆய்வாளருக்குக்கூட ஒரே ஒரு வாய்ப்புத்தான்.

இதே சூட்டோடு பெரிய எண்களும் வந்துகொண்டிருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழியிலிருந்த நெல் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சொன்னார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சிவகளை இரும்பை கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்கே, கி.மு. 3345 வரை, கொண்டுபோனது. நான் இவற்றை ஆர்வத்தோடு கவனிக்கிறேன். இன்னும் பல கல்லறைகளில், வேறு வேறு மாதிரிகளில் இதே காலம் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். அதற்குக் கலையாத கல்லறைகள் வேண்டும். உங்கள் காட்டில் இருப்பது அவற்றில் ஒன்றாக இருக்கக் கூடும்.

காலத்தின் பெயர் பற்றி ஒரு சின்னத் திருத்தம். பெருங்கற்காலம் என்று எழுதுகிறோம், அது ஒரு காலத்தின் பெயர் போலவே ஆகிவிட்டது. அது உண்மையில் பெரிய கற்களால் ஈமச்சின்னம் எழுப்பும் ஒரு பழக்கத்தின் பெயர். இரும்புக்காலத்தில் தழைத்த அந்தப் பழக்கம் சங்க காலத்திலும் தொடர்ந்தது. அதனால் கல்வட்டத்தைப் பார்த்ததும் இத்தனை ஆயிரம் ஆண்டு என்று சொல்லிவிட முடியாது. கி.மு. ஆயிரத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம், கிறிஸ்து பிறப்பை ஒட்டியதாகவும் இருக்கலாம். அப்புறம், அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற கற்குவைக் கல்லறை கி.மு. 3200 அளவில் கட்டியது. அதற்கும் நம்முடையதற்கும் தொடர்பு என்று இணையத்தில் சுற்றுகிற பேச்சை நம்ப வேண்டாம். இறந்தவர்மேல் கல் குவிப்பது உலகத்தில் பல இடங்களில் தனித்தனியே தோன்றிய வழக்கம்.

சங்கப் பாட்டில் இவை வருகின்றனவா என்றால், வருகின்றன. அம்பு பட்டு விழுந்தோரின் ‘வம்பப் பதுக்கை’ என்று புறநானூற்றின் 3ஆம் பாட்டு பாலைவழியைக் காட்டுகிறது. 264ஆம் பாட்டு இன்னும் நெருக்கமானது: பரல் நிறைந்த நிலத்தில் பதுக்கையைச் சேர்த்து, மரல் நாரில் தொடுத்த செம்பூக் கண்ணியும் மயில் பீலியும் சூட்டி, பெயர் பொறித்துக் கல்லும் நட்டுவிட்டார்களே என்கிறது. பதுக்கையும் பெயர் எழுதிய நடுகல்லும் ஒரே காட்சியில். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தபோது இந்த வரிகளுக்கு மண்ணிலிருந்தே உரை எழுதியது போல இருந்தது. பெயரில்லாத கற்குவை ஒருவர் பெயர் சொல்லும் கல்லாக மாறிய இடம் அது. மணிமேகலை காலத்திலும் பழக்கங்கள் பல கலந்தே இருந்தன: ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’ என்று ஒரே சுடுகாட்டில் ஐந்து முறைகளைச் சொல்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும். பாட்டில் பதுக்கை என்றால் பெரும்பாலும் மேலே குவித்த கல். தொல்லியலில் கற்பதுக்கை என்றால் கீழே இருக்கும் அறை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாட்டும் தப்பாகும், களமும் தப்பாகும்.

இழந்ததும் நிறைய. ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய ஜாகர் என்ற ஜெர்மானியர் கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். நீலகிரிக் கற்குவைகளில் பிரீக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி மூடிகளில் எருமையும் மனிதனுமாக உருவம் வைத்த அழகான பானைகளை எடுத்தார். அவர் எடுத்த பொருள்களில் சில லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர்களாவது ஓரளவு எழுதி வைத்தார்கள். இன்று ஜேசிபி ஒரு காலைப்பொழுதில் முப்பது கல்வட்டங்களைச் சமன்படுத்திவிடுகிறது, ஒரு வரிகூட மிச்சமில்லாமல். கல் குவாரியும் வீட்டுமனையும்தான் இன்றைய பெரிய ஆபத்து.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். ஒவ்வொரு வட்டத்தையும் நான்கு திசையிலிருந்தும் படம் எடுங்கள், படத்தில் ஓர் அளவுகோலோ குறைந்தது ஒரு சாண் குச்சியோ இருக்கட்டும். வட்டத்தின் குறுக்களவை அடிக்கணக்கில் எழுதிவையுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பைச் சேமியுங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ இதை எழுத்தில் அனுப்புங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு நகல் கொடுங்கள். சட்டம் கேட்பவர்களுக்கு: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணிலிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்த நிலமாக இருந்தாலும் இதுதான்.

மாடு மேய்க்கிறவர்களிடம் பேசுங்கள். எந்த மேட்டில் எத்தனை வட்டம் இருந்தது, எது எந்த வருடம் போனது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மழைக்குப் பின் ஓடையோரம் கருப்பு சிவப்பு ஓடு கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே, கிடந்த பக்கமாகவே வைத்துவிடுங்கள். மேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து அது உருண்டு வந்திருக்கும் என்று பின்னால் வருகிற ஆய்வாளர் பார்க்க வேண்டும்.